மூன்றாம் வகுப்பு, எழுபத்து மூன்று பேர்

ஜூலை 1, திங்கள்

இன்று பணியில் சேர்ந்தேன். வருகைப் பதிவேட்டை விரித்தால் பெயர்கள் மூன்று பக்கத்துக்குப் போகின்றன. எழுபத்து மூன்று.

மூங்கில்பள்ளத்தில் மொத்தப் பள்ளிக்கும் நான்கு பேர். அவர்களுக்கு ஆசிரியர்கள் இரண்டு பேர் எதற்கு என்று பணிநிரவலில் என்னை மலையிலிருந்து இறக்கிவிட்டார்கள். பதினாறு வருஷம் அங்கே இருந்தவளை, ஓசூருக்கு வெளியே, கம்பெனிச் சுவர்களுக்கு நடுவில் இருக்கும் இந்தச் சாந்திபுரம் பள்ளிக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

தலைமையாசிரியை முனிரத்னம்மா நல்ல உயரம். பேசும்போது பாதி நேரம் பீரோவுக்குள் எதையோ தேடிக்கொண்டே பேசுகிறார். நான் சுற்றிவந்து அவர் முகத்துக்கு எதிரே நின்றுகொண்டேன்.

"மூணாவதுக்கு ரெண்டு செக்‌ஷன் இருந்துச்சு டீச்சர். ஒருத்தங்க ரிட்டயர்டு, ஒருத்தங்க மாறுதல்ல போயிட்டாங்க. ரெண்டு பேருக்கும் சேர்த்து உங்களை ஒருத்தரை அனுப்பியிருக்காங்க. கேட்டா, மாவட்டத்துக்குச் சராசரி போட்டா சரியா வருதுங்கறாங்க."

அங்கே நான்கு, இங்கே எழுபத்து மூன்று. கூட்டிப் பாதியாக்கினால் ஒழுங்காகத்தான் இருக்கும் போலிருக்கிறது.

வகுப்பறை வாசலில் நின்றபோது ஒன்றும் புரியவில்லை. தலைகள், தலைகள், ரிப்பன்கள், எண்ணெய் பளபளப்பு. ஜன்னலுக்கு வெளியே ஜூலை மாதத்துப் பனிமூட்டம் இன்னும் கலையவில்லை. அந்த வெளிச்சத்தில் எல்லாரும் தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. வாய்கள் மீன் வாய்போலத் திறந்து மூடின. "வணக்கம் டீச்சர்" என்றிருப்பார்கள்.

ஜூலை 2, செவ்வாய்

பெயர் கூப்பிட்டு முடிக்க இருபத்தைந்து நிமிஷம். ஒவ்வொரு பெயருக்கும் தலையை உயர்த்தி எந்த வாய் அசைகிறது என்று தேட வேண்டியிருக்கிறது.

வாடகை அறைக்கு ஒரு வாளி, ஒரு துடைப்பம் வாங்கினேன். பக்கத்தில் பால் பூத் இருக்கிறது.

ஜூலை 5, வெள்ளி

இந்தப் பிள்ளைகள் நான் பயந்த மாதிரி இல்லை. சாதுவானவர்கள். வகுப்பில் எந்நேரமும் தூரத்தில் மழை பெய்வதுபோல் ஒரு சின்ன இரைச்சல்தான். அதைக் கேட்டுக்கொண்டே கரும்பலகையில் எழுதுவது சுகமாக இருக்கிறது.

ஆனால் மதியம் முனிரத்னம்மா வேகமாக உள்ளே வந்து மேசையைப் பிரம்பால் தட்டினார். பிள்ளைகள் அத்தனை பேரும் அப்படியே உறைந்தார்கள். "ஆபீஸ் ரூம் வரைக்கும் கேக்குது டீச்சர்! டி.சி. வாங்க வந்தவங்ககிட்டப் பேச முடியல!" என்றார். கொஞ்சம் மிகைப்படுத்திப் பேசும் சுபாவம் போல.

என் மகள் இளவேனி கோயம்புத்தூரிலிருந்து போன் செய்தாள். நர்சிங் இரண்டாம் வருஷம், மூச்சுவிட நேரமில்லை என்கிறாள். இங்கே டவர் சரியில்லை, பாதி வார்த்தை வரவில்லை. மெசேஜ் அனுப்பச் சொல்லி வைத்துவிட்டேன்.

ஜூலை 9, செவ்வாய்

இதுவரை மனதில் பதிந்த பெயர்கள் முப்பத்தொன்று. முதல் நான்கு வரிசை முழுக்கத் தெரியும். பின்னால் இருப்பவர்கள் பனிமூட்டத்துக்குள் இருக்கிற ஊர்மாதிரி. இருக்கிறது என்று தெரியும், அவ்வளவுதான்.

பிள்ளைகளில் இருபது பேராவது பீகார், ஒடிசா, அஸ்ஸாம். அப்பாக்கள் சுற்றியுள்ள கம்பெனிகளில் வேலை செய்கிறார்கள். தமிழ் இன்னும் முழுசாக வராத பிள்ளைகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கின்றன. மற்றவர்கள் நோட்டைப் பார்க்கும்போதும் இவர்கள் என் உதட்டைத்தான் பார்க்கிறார்கள். அவர்களோடு எனக்கு ஏனோ சுலபமாக இருக்கிறது. கடைசிக்கு முந்தின வரிசையில் ஜுனு என்று ஓர் ஒடியாப் பெண். நான் "பூனை" என்றால் அவள் உதடும் ஓசையில்லாமல் "பூனை" என்கிறது.

ஜூலை 12, வெள்ளி

ஐந்தாம் வகுப்பு நஸ்ரின் டீச்சர் கேசரி கொண்டுவந்திருந்தார். சாப்பாட்டு நேரத்தில் நான்கைந்து பேர் சேர்ந்து ஏதோ பேசிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நஸ்ரின் மட்டும் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகுதான் தெரிந்தது, சிரித்த கதை முடிந்து பேச்சு சத்துணவு ஆயாவின் மகன் இறந்ததற்குப் போயிருந்தது.

ஜூலை 14, ஞாயிறு

துணி துவைத்தேன். காயவில்லை. நாள் முழுக்கத் தூறல்.

ஜூலை 16, செவ்வாய்

இன்று என்ன நடந்தது என்று ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு குளிர் அதிகம். பாடம் ஓடாது என்று படம் வரையச் சொன்னேன். "உங்க வீட்டை வரைங்க." எழுபது தலைகளும் நோட்டுக்குள் கவிழ்ந்துகொண்டன. சிலர் வரைந்துகொண்டே தூங்கிவிட்டார்கள். நான் ஜன்னலோரம் நின்றேன். வேலிக்கு அப்பால் பனிமூட்டம் மெல்ல நகர்ந்தது. கம்பெனியின் தண்ணீர்த் தொட்டி தெரிவதும் மறைவதுமாக இருந்தது. ஒரு பிள்ளைகூட அசையவில்லை. கண் திறந்தபடியே நானும் கொஞ்சம் கனவு கண்டேன் என்று நினைக்கிறேன்.

பார்த்தால் நஸ்ரின் டீச்சர் ஜன்னலுக்கு வெளியே ஓடுகிறார். பின்னால் முனிரத்னம்மா, கையில் சுத்தியல். நானும் ஓடினேன்.

ஜுனு கழிப்பறைக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறாள். உள் தாழ்ப்பாள் துருப்பிடித்து இறுகிவிட்டது. சாப்பாடு முடிந்து போனவள், ஒரு மணி நேரத்துக்கு மேல் உள்ளேயே இருந்திருக்கிறாள். கதவை உடைத்துத் தூக்கியபோது கை இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன. தட்டித் தட்டி.

கழிப்பறை என் வகுப்பு ஜன்னலிலிருந்து பத்து அடி.

"உங்க கிளாஸ் பக்கத்துலதானே டீச்சர்? கேக்கலியா?" என்றார் முனிரத்னம்மா.

"எழுபத்து மூணு பேர் மேடம். இவங்க போடற சத்தத்துல எங்க கேக்கும்?" என்றேன்.

அவர் தலையாட்டினார். நியாயம்தானே. எழுபத்து மூன்று பேர்.

ஜூலை 17, புதன்

ஜுனு வரவில்லை.

முனிரத்னம்மா என்னிடம் எழுத்துமூலமாக விளக்கம் வாங்கிக்கொண்டார். "மாணவர் எண்ணிக்கை மிகுதியால் ஏற்பட்ட கடும் இரைச்சலின் காரணமாக" என்று அவரே வாசகம் சொல்லிக்கொடுத்தார். நான் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். "இது போதும் டீச்சர். எத்தனை வருஷமா கேட்டுக்கினு இருக்கேன். இப்ப எப்படி ஆள் தராம இருக்காங்கன்னு பாக்கறேன்" என்றார். அவர் கண்ணில் தூக்கமில்லாத சிவப்பு. முப்பதுக்கு ஓர் ஆசிரியர் என்பது விதி. அதைக் கேட்கிற உரிமை அவருக்கு இருக்கிறது.

புதிய தாழ்ப்பாள் போட்டாயிற்று.

ஜூலை 19, வெள்ளி

பெற்றோர்கள் கூடி மனு எழுதினார்கள். நூற்றிருபது கையெழுத்து. என் விளக்கத்தின் நகலை மனுவோடு இணைத்திருக்கிறார்கள். ஓர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாவம் டீச்சர் நீங்க, தொண்டை என்னத்துக்கு ஆகும்" என்றார்.

ஜுனு வந்தாள். கைகளில் மஞ்சள் பூசியிருந்தது. அவளை முதல் வரிசைக்கு மாற்றினேன்.

ஜூலை 20, சனி

கனவில் ஒரு நீளமான வகுப்பறை. கடைசி வரிசை எங்கே என்று தெரியவில்லை. நடக்க நடக்கப் பெஞ்சுகள். எல்லாப் பிள்ளைகளும் என்னிடம் எதையோ சொல்கிறார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று சொல்வதுபோல.

ஜூலை 23, செவ்வாய்

நஸ்ரின் டீச்சரும் நானும் சேர்ந்து பஸ் ஸ்டாப் வரை நடந்தோம். அவர் எப்போதும் என் வலப்பக்கமாக வந்து, முகத்தைத் திருப்பி, நிதானமாகப் பேசுகிறார். இன்றுதான் கவனித்தேன்.

"வேதவல்லி டீச்சர், ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்க."

"அன்னிக்கு உங்க கிளாஸ்ல சத்தமே இல்ல. அதனாலதான் ரெண்டு ரூம் தள்ளி இருந்த எனக்கு அந்தப் பிள்ளை தட்டுறது கேட்டுச்சு."

பஸ் வந்துவிட்டது. நான் ஏறிக்கொண்டேன். அவர் வேறு பஸ்ஸுக்கு நின்றார்.

ஜூலை 24, புதன்

காய்கறி விலை ஏறிவிட்டது. கத்தரிக்காய் வாங்கினேன். வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை.

ஜூலை 26, வெள்ளி

மாலை, பிள்ளைகள் போன பிறகு ஜுனுவின் அப்பா வந்தார். பெயர் பிரதாப். வார்ப்படக் கம்பெனியில் வேலை. சட்டையில் கரி, கையில் ஹெல்மெட். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருக்கலாம்.

"டீச்சர், மன்னிச்சுக்கோ" என்றார்.

நான் சரியாகப் பார்க்கவில்லை என்று நினைத்து, "என்ன சொன்னீங்க?" என்றேன்.

"பாப்பா தப்பு பண்ணிச்சு. கிளாஸ் டைம்ல போயிடுச்சு. இனிமே போகாது. நான் சொல்லிட்டேன்." பிறகு தயங்கினார். "ஆனா டீச்சர், பாப்பா தண்ணி குடிக்கல. காலைல குடிக்கல, ஸ்கூல்ல குடிக்கல. தண்ணி குடிச்சா பாத்ரூம் வரும், அங்க மாட்டிக்கினா யாருக்கும் கேக்காதுன்னு சொல்லுது. பத்து நாள். இப்ப காய்ச்சல் மாதிரி இருக்கு. எரியுதுன்னு அழுவுது. நீ சொன்னா குடிக்கும். டீச்சர் சொன்னா கேக்கும்."

நாற்காலியில் உட்காரச் சொன்னேன். அவர் உட்காரவில்லை.

"பிள்ளை மேல தப்பு இல்லீங்க" என்றேன்.

"சத்தம் அதிகம், எல்லாரும் சொன்னாங்க. டீச்சர் என்ன பண்ணும்?"

ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு உடனே கூட்டிப்போகச் சொன்னேன். நானும் போனேன். சிறுநீரில் கிருமி என்று மருந்து கொடுத்தார்கள். வரிசையில் உட்கார்ந்திருந்தபோது ஜுனு என் முந்தானை நுனியைச் சுருட்டிச் சுருட்டி விரித்துக்கொண்டிருந்தாள். என் மேல் அவளுக்கு ஒரு கோபமும் இல்லை. அதைத் தாங்க முடியவில்லை.

ஜூலை 28, ஞாயிறு

இரண்டு நாளாக யோசித்ததை எழுதுகிறேன்.

எனக்குக் காது கேட்கவில்லை.

எழுதிப் பார்த்தால் சின்ன வாக்கியம்தான். எப்போதிலிருந்து என்று தெரியவில்லை. மூங்கில்பள்ளத்தில் நான்கு பேரும் என் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருப்பார்கள். பேசுகிற பிள்ளையின் முகம் தெரியும். கேட்கிறதா, பார்க்கிறேனா என்று பிரித்துப் பார்க்க அவசியமே வரவில்லை. மலையில் எல்லாம் அமைதியாக இருக்கிறது, வருஷத்துக்கு வருஷம் இன்னும் அமைதியாகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது. பறவைகள் குறைந்துவிட்டன என்றுகூட ஒருமுறை பக்கத்து வீட்டுக்காரரிடம் வருத்தப்பட்டேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

இளவேனிக்கு மெசேஜ் அனுப்பினேன். ஒரு நிமிஷத்தில் பதில் வந்தது: "ரெண்டு வருஷமா சொல்றேன்மா. ஒவ்வொரு தடவையும் டவர் இல்லைன்னு சொன்னீங்க."

ஜூலை 30, செவ்வாய்

வட்டாரக் கல்வி அலுவலர் விசாரணைக்கு வந்தார். முனிரத்னம்மா அறையை ஒட்டடை அடித்து, மேசை விரிப்பு மாற்றி வைத்திருந்தார். மனு, என் விளக்கம், பதிவேடுகள் எல்லாம் வரிசையாக. நாளை மறுநாள் ஆகஸ்ட் ஒன்று. அன்றைய எண்ணிக்கையை வைத்துத்தான் ஆசிரியர் பணியிடம் முடிவாகும் என்பதால் அவர் முகத்தில் பரீட்சை எழுதப் போகிற பிள்ளையின் பரபரப்பு.

அலுவலர் என் விளக்கத்தைப் படித்துவிட்டு, "இது நீங்க எழுதினதுதானே?" என்றார்.

"நான்தான் சார். ஆனா அது உண்மை இல்லை."

முனிரத்னம்மாவின் கை விரிப்பின் மேல் அப்படியே நின்றது.

"அன்னிக்குக் கிளாஸ்ல சத்தம் இல்ல சார். எல்லாரும் படம் வரைஞ்சுக்கிட்டு இருந்தாங்க. எனக்குக் காது சரியாக் கேக்காது. அதனாலதான் அந்தப் பிள்ளை தட்டினது எனக்குக் கேக்கல."

அலுவலர் பேனாவை வைத்துவிட்டார். "அப்படின்னா இந்த மனுவுக்கு என்னம்மா அர்த்தம்? உங்க காதுக்கும் பிள்ளைங்க எண்ணிக்கைக்கும் என்ன சம்பந்தம்?"

இதை அவர் கேட்பார் என்று நான் யோசித்து வைத்திருக்கவில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"இதுக்கு முன்னாடி நாலு பிள்ளைங்களுக்குப் பாடம் எடுத்தேன் சார். அதுல ஒண்ணு எழுந்து வெளிய போனா இடம் காலியாத் தெரியும். காது வேண்டாம், கண்ணு போதும். அஞ்சு நிமிஷத்துல தேடிப் போயிருப்பேன். இங்க ஒரு பிள்ளை ஒரு மணி நேரத்துக்கு மேல இல்ல. நான் அந்தப் பக்கமே பார்த்துக்கிட்டு நின்னேன். எனக்குத் தெரியல. நல்லாக் காது கேக்கிற டீச்சரா இருந்தா தட்டுற சத்தம் கேட்டிருக்கும். ஆனா தட்டாம, மயங்கி விழுந்திருந்தா? அப்ப யாருக்குத் தெரியும்? என் தப்பு என்னுது. அதை எழுதிக்கோங்க. ஆனா எழுபத்து மூணுங்கறது என் தப்பு இல்ல."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அல்லது பேசியது எனக்குக் கேட்கவில்லை. அவர்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வெயில் வந்திருந்தது. தூசி மிதந்தது.

கடைசியில் அலுவலர் ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் நகர்த்தினார். முகத்தை நேராக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "ரெண்டையும் எழுதிக் குடுங்கம்மா. மெடிக்கல் போர்டுக்கு அனுப்ப வேண்டியிருக்கும். என்ன ஆகும்னு நான் இப்பச் சொல்ல முடியாது."

அவர் போன பிறகு முனிரத்னம்மா என்னைப் பார்க்கவே இல்லை. பீரோவுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு ஏதோ சொன்னார். திரும்பி வந்து, என் முன்னால் நின்று, மறுபடியும் சொன்னார். "ரெண்டு நாள் பொறுத்திருக்கக் கூடாதா டீச்சர்?"

"அந்தப் பிள்ளை தண்ணி குடிக்கல மேடம்."

ஜூலை 31, புதன்

ஜுனு மருந்து சாப்பிடுகிறாள். காய்ச்சல் இல்லை.

பெயர் கூப்பிடுவதற்கு முன் வகுப்பிடம் சொன்னேன். "எனக்குக் காது சரியாக் கேக்காது. வெளிய போறதுன்னா என் முன்னாடி வந்து சொல்லிட்டு, கூட ஒருத்தரையும் கூட்டிக்கிட்டுப் போகணும். உள்ளே இருக்கிறவங்க வர்ற வரைக்கும் கூடப் போனவங்க வெளிய நிக்கணும்."

முன் வரிசைத் தேஜஸ்வினி எழுந்து நின்றாள். நன்றாகத் தெரியும்படி வாயை அகலமாகத் திறந்து சொன்னாள்.

"தெரியும் டீச்சர். முதல் நாள்லேயே தெரியும்."

எழுபத்து மூன்று வாய்களும் சிரித்தன. அந்தச் சத்தம் எனக்கும் கொஞ்சம் கேட்டது.

ஜுனுவிடம் புதிய தாழ்ப்பாளைக் காட்டினேன். நான் உள்ளே போய்ப் போட்டேன், திறந்தேன். பிறகு அவளை உள்ளே விட்டு நான் வெளியே நின்றேன். கதவில் கை வைத்திருந்தேன். அவள் உள்ளிருந்து தட்டியது உள்ளங்கையில் தெரிந்தது. நானும் தட்டினேன். ஐந்தாறு முறை மாறி மாறித் தட்டினோம். மதியம் அவள் அரை டம்ளர் தண்ணீர் குடித்தாள்.

ஆகஸ்ட் 8, வியாழன்

அரசு மருத்துவமனையில் ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்தார்கள். சத்தம் கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். நெடுநேரம் எதையும் அழுத்தாமல் உட்கார்ந்திருந்தேன். வெளியே அந்தப் பெண் எதையோ திருகிக்கொண்டே இருந்தாள். இடது காது ஏறக்குறைய முழுக்கப் போய்விட்டதாம், வலது பாதி. கருவி வைத்தால் பாடம் எடுக்கலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். கருவி வர இரண்டு மாதம் ஆகுமாம். அதுவரை பணியில் தொடரலாமா என்று இன்னும் உத்தரவு வரவில்லை.

ஆகஸ்ட் 19, திங்கள்

இரண்டு உத்தரவுகள் ஒரே உறையில் வந்தன. விளக்கம் தவறாக எழுதியதற்கு எனக்கு எச்சரிக்கை, பணிப்பதிவேட்டில் ஏறும். தொடர்ந்து வேலை பார்க்கலாம். இரண்டாவது, மூன்றாம் வகுப்புக்கு மாற்றுப்பணியில் இன்னோர் ஆசிரியர்.

முனிரத்னம்மா உத்தரவை இரண்டு முறை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எந்த ஸ்கூல்ல இருந்து எடுத்திருக்காங்க பாருங்க" என்று காட்டினார். அதுவும் ஒரு மலைக் கிராமம்தான். அங்கே ஐந்து பிள்ளைகள், இனி ஓர் ஆசிரியர். அந்த ஐந்து பேரைக் கொஞ்ச நேரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 21, புதன்

வகுப்பைப் பிரித்தோம். மைதானத்தில் இரண்டு வரிசை. முனிரத்னம்மா பதிவேட்டைப் பார்த்து ஒன்றுவிட்டு ஒன்றாகப் பெயர் படித்தார். எனக்கு முப்பத்தேழு, புதிதாக வந்த பெண்ணுக்கு முப்பத்தாறு. அவளுக்கு வயது இருபத்தேழு இருக்கும், கணீரென்ற குரலாம்.

ஜுனு அவள் பக்கம் போனாள். கேட்டிருந்தால் மாற்றியிருப்பார்கள். நான் கேட்கவில்லை. புது டீச்சரின் புடவையில் பெரிய பெரிய மயில்கள். ஜுனு அவற்றைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. நல்லது.

ஆகஸ்ட் 26, திங்கள்

இப்போது அறையில் நடக்க இடம் இருக்கிறது. கடைசி வரிசை வரை போய்ப் போய் வருகிறேன். அங்கே ஜன்னலோரம் காலை வெயில் விழும் இடத்தில் தினமும் ஒருவன் தூங்கிவிடுகிறான் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

மூன்றாம் பாடவேளையில் முனிரத்னம்மா வாசலில் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் ஒரு சின்னப் பெண், எண்ணெய் வழிய இறுக்கிப் பின்னிய சடை, புதுப்பை. அஸ்ஸாமிலிருந்து நேற்றுத்தான் ரயிலில் வந்திறங்கிய குடும்பமாம். அம்மா வெளியே மதிலோரம் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முப்பத்தெட்டு" என்றார் முனிரத்னம்மா, மன்னிப்புக் கேட்பதுபோல. "இடம் இருக்கா டீச்சர்?"

"இருக்கு மேடம்."

அந்தப் பெண்ணை உள்ளே அழைத்து, அவள் உயரத்துக்குக் குனிந்து பெயர் கேட்டேன். உதடு லேசாக அசைந்தது. ஒன்றும் பிடிபடவில்லை. மறுபடி கேட்டேன். மறுபடி அசைந்தது. வகுப்பு முழுக்க எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

என் காதைத் தொட்டுக் காட்டினேன். கையை விரித்து, இல்லை என்று ஆட்டினேன்.

"டீச்சருக்குக் காது கேக்காது கண்ணு" என்றேன். "சத்தமாச் சொல்லு."

அவளுக்குத் தமிழ் தெரியாது. என் காதைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். பையைக் கீழே வைத்தாள். பிறகு மூச்சை இழுத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, அறையே அதிரும்படி தன் பெயரைக் கத்தினாள்.

ரிம்ஜிம்.

பதிவேட்டில் எழுதினேன்.